கலர் அடிச்ச உலக மேப்பை காட்டி "இது என்னன்னு சொல்லு"ன்னு கேக்குற ஆட்டம்

போன பொங்கல் லீவுல எங்க வீட்ல ஒரு பதினோரு பேர் சேர்ந்துட்டோம், மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் ஆளுக்கொரு மூலையில போனை நோண்டிட்டு உக்காந்திருந்தாங்க, சீட்டு ஆடலாம்னு பாத்தா கட்டுல ரெண்டு கார்டு காணோம். சரின்னு நான் லேப்டாப்பை டீவில மாட்டி ஒரு உலக மேப்பை போட்டேன். எல்லா நாடும் சாம்பல் கலர், சில நாடு மட்டும் நீலம். தலைப்பு கிடையாது, எந்த கலருக்கு என்ன அர்த்தம்னு ஓரத்துல போடுவாங்களே அந்த குறிப்பும் கிடையாது. "இந்த நீலம் என்னன்னு சொல்லுங்க" அப்படின்னேன்.

இந்தியா நீலம், பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை நீலம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, கென்யா எல்லாம் நீலம். சித்தப்பா ரெண்டு செகண்ட் கூட எடுக்கல, "இது என்னடா பெரிய விஷயம், வெள்ளைக்காரன் ஆண்ட நாடு"ன்னுட்டாரு. பாதி பேர் தலையாட்டிட்டாங்க. நான் தப்புன்னு சொன்னதும் அவருக்கு கோவம். அப்புறம்தான் அக்கா பொண்ணு டீவி பக்கத்துல போய் நின்னு பாத்துட்டு "மாமா, ஜப்பான் ஏன் நீலமா இருக்கு? கனடா ஏன் இல்ல?"ன்னு கேட்டா. அந்த ஒரு கேள்வில ஆட்டம் முடிஞ்சிடுச்சுன்னே சொல்லலாம், அடுத்த ஒரு நிமிஷத்துல எங்க அத்தான் "ரோட்ல இடது பக்கம் வண்டி ஓட்டுற நாடு"ன்னு சரியா சொல்லிட்டாரு.

இந்த ஆட்டத்தை இதுவரைக்கும் ஆடாதவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். ஜியாகிரபில நல்ல மார்க் வாங்கினவங்களுக்கான ஆட்டம்னு நெனச்சு ஒதுங்க வேண்டாம், தலைநகரம் எல்லாம் ஒப்பிக்கிற ஆளுங்க இதுல சித்தப்பா மாதிரி சீக்கிரமா அவுட் ஆகிடுறாங்க.

ஆட்டம் எப்படின்னா, ஒருத்தர் மேப் கொண்டு வரணும், மத்தவங்க அது எதை பத்தினதுன்னு கண்டுபிடிக்கணும், அவ்ளோதான். மத்த ரூல்ஸ் எல்லாம் அவங்கவங்க வீட்டு வசதி. எங்க வீட்ல ஒரு மேப்புக்கு அஞ்சு நிமிஷம், ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி ஆளுக்கு ஒரு கேள்வி கேக்கலாம், தப்பா கெஸ் பண்ணா அந்த மேப் முடியுற வரைக்கும் வாயை திறக்கக்கூடாது. இந்த கடைசி ரூல் ரொம்ப முக்கியம், இல்லன்னா வாய்க்கு வந்ததை எல்லாம் வரிசையா சொல்லிட்டே இருப்பாங்க. போனை எல்லாம் ஒரு தட்டுல போட்டு சாமி ரூம்ல வெச்சிடுவோம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த மாதிரி மேப் ரெண்டு வகை. ஒண்ணு நான் மேல சொன்ன மாதிரி உண்டு இல்லைன்னு பிரிக்கிறது, இல்லன்னா நாலஞ்சு குரூப்பா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் குடுக்குறது. இன்னொண்ணு ஒரே கலர்ல வெளிர்ல இருந்து அடர்த்தி வரைக்கும் போறது, அதாவது ஏதோ ஒரு நம்பர் சில நாட்டுல கம்மி, சில நாட்டுல ஜாஸ்தி. இந்த ரெண்டாவது வகைக்கு கோரோப்ளெத் மேப்னு ஒரு வாய்ல நுழையாத பேரு இருக்கு, 1938ல ஜான் கர்ட்லாண்ட் ரைட்னு ஒரு அமெரிக்க ஜியாகிரபர் வெச்ச பேரு. ஆனா மேப் அதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. 1826ல பிரான்ஸ்ல சார்ல் துப்பான்னு ஒருத்தர் அந்த நாட்டோட ஒவ்வொரு மாவட்டத்துலயும் பசங்க எவ்ளோ பேர் பள்ளிக்கூடம் போறாங்கங்குறதை கருப்பு வெள்ளை ஷேடுல வரைஞ்சாரு. வடக்கு கிழக்கு பக்கம் எல்லாம் வெளிச்சமா இருக்கு, தெக்கு மேற்கு எல்லாம் இருட்டா இருக்கு, பாத்த உடனே நாடு ரெண்டா பிளந்து தெரியுது.

அதுல கவனிக்க வேண்டியது என்னன்னா துப்பான் மேப்ல இருட்டுன்னா படிப்பு கம்மி. நாம இப்ப பழகினது அடர்த்தின்னா ஜாஸ்தி. ஆனா அது சட்டம் ஒண்ணும் கிடையாது, மேப் போட்டவர் இஷ்டம். அதனால அடர்த்தியா இருக்குற நாட்டை பாத்த உடனே "இங்க ஏதோ நிறைய இருக்கு"ன்னு ஆரம்பிக்காதீங்க, நிறைய இருக்கா கம்மியா இருக்கானே இன்னும் தெரியாதுங்குற இடத்துல இருந்து ஆரம்பிங்க. உங்களுக்கு இருக்குற ஒரே கேள்வியை இதுக்கு செலவு பண்ணாலும் தப்பில்ல.

இப்ப அந்த ஜப்பான் விஷயம். இந்த ஆட்டத்துல எனக்கு தெரிஞ்ச ஒரே பெரிய ரகசியம் இதுதான், கூட்டத்தை பாக்காதீங்க, கூட்டத்துல ஒட்டாம நிக்கிற நாட்டை பாருங்க. இந்தியா, ஆஸ்திரேலியா, கென்யா மூணையும் சேத்து பாத்தா நூறு பதில் வரும், காமன்வெல்த்துன்னும் சொல்லலாம், கிரிக்கெட்டுன்னும் சொல்லலாம், இங்கிலீஷ்னும் சொல்லலாம். அந்த கூட்டம் எதையும் தெளிவா சொல்லாது. ஆனா ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா, மொசாம்பிக், தென் அமெரிக்கால குட்டியா இருக்குற சுரினாம், இந்த அஞ்சையும் பாருங்க. ஜப்பானையும் தாய்லாந்தையும் பிரிட்டிஷ்காரன் ஆளவே இல்ல, இந்தோனேசியாவும் சுரினாமும் டச்சுக்காரன் கிட்ட இருந்தது, மொசாம்பிக் போர்ச்சுகல் கிட்ட இருந்தது. அப்ப பிரிட்டிஷ் கதை அங்கயே செத்துப்போச்சு. அதே மாதிரி நீலமா இருக்க வேண்டிய கனடா, நைஜீரியா, கானா மூணும் சாம்பலா இருக்கு. உள்ள வரக்கூடாதது எது வந்திருக்கு, வர வேண்டியது எது வரல, இந்த ரெண்டு லிஸ்ட்டையும் மனசுல போட்டுக்கிட்டாலே பாதி கெஸ் தானா கழிஞ்சிடும்.

நைஜீரியா 1972லயும் கானா 1974லயும் இடதுல இருந்து வலதுக்கு மாறிட்டாங்க, சுத்தி இருக்குற பிரெஞ்சுக்காரன் ஆண்ட நாடு எல்லாம் வலது பக்கம் ஓட்டுறப்போ எல்லைய தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் பக்கம் மாத்துறது தலைவலி இல்லையா. மொசாம்பிக் இதுக்கு நேர் எதிர், ஆண்ட போர்ச்சுகல் 1928ல வலதுக்கு போயிடுச்சு, ஆனா மொசாம்பிக்கை சுத்தி இருக்குறது எல்லாம் இடது பக்க நாடு, அதனால அது இடதுலயே தங்கிடுச்சு. நம்ம பக்கத்துல இருக்குற மியான்மர் 1970ல வலதுக்கு போச்சு, அதனால இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவுல ஒரு ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். சமோவா மட்டும் 2009ல வலதுல இருந்து இடதுக்கு வந்துச்சு, காரணம் ஆஸ்திரேலியா நியூசிலாந்துல இருந்து பழைய காரை விலை கம்மியா இறக்குமதி பண்ணிக்கலாம்னுதான். இதை சொன்னதும் சித்தப்பா கோவம் எல்லாம் போய் "பரவால்லையே, புத்திசாலி பசங்க"ன்னாரு.

ஒட்டாத நாடு கண்ணுக்கு சட்டுனு மாட்டலன்னா வேற ஒரு வழி இருக்கு, பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு நாடு வேற வேற கலர்ல இருந்தா அந்த ஜோடியை பிடிச்சுக்கோங்க. பெருவும் பொலிவியாவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நாடு, ஒரே மலை, ஒரே மாதிரி சரித்திரம், அப்படி இருந்தும் ஒரு மேப்ல பொலிவியா மட்டும் சிவப்பா இருந்தா என்ன வித்தியாசம்? கடல். 1879ல சிலி கூட ஆரம்பிச்ச சண்டைல பொலிவியா தன்னோட கடற்கரைய பறிகொடுத்துச்சு. உடனே எத்தியோப்பியாவை பாருங்க, சிவப்பு, 1993ல எரித்ரியா தனியா போனதும் அதுக்கும் கடல் போச்சு. மங்கோலியா, நேபாளம், கஜகஸ்தான், ஸ்விட்சர்லாந்து எல்லாம் சிவப்பு. முடிஞ்சது, கடல் இல்லாத நாடுங்க. முதல் தடவை ஆடுற குரூப்புக்கு நான் எப்பவும் இந்த மேப்பைத்தான் குடுப்பேன், ஏன்னா கண்டுபிடிச்ச உடனே ஒரு தெம்பு வரும்.

இந்த ஜோடி வித்தைக்கு ரொம்ப அழகான மேப் ஒண்ணு இருக்கு, எங்க வீட்ல ஒரு சண்டையே நடந்துச்சு அதுல. ரெண்டு கலர், ஆரஞ்சு, பச்சை. இந்தியா, சீனா, ரஷ்யா, ஈரான், துருக்கி, எகிப்து, கென்யா எல்லாம் ஆரஞ்சு. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், இந்தோனேசியா, மலேசியா, இலங்கை எல்லாம் பச்சை. எல்லாரும் மதம், அரசியல், கூட்டணின்னு என்னென்னமோ சொல்லி அவுட் ஆனாங்க. ஆனா ஐரோப்பா மேற்கு மூலையில ஸ்பெயின் பச்சையா இருக்குறப்போ ஒட்டி இருக்குற போர்ச்சுகல் மட்டும் ஆரஞ்சு, அதுதான் க்ளூ. நான் ஒரு கேள்விக்கு "ஆமா, வாய்ல போடுற சமாச்சாரம்தான்"னு சொன்னதும் அம்மா அடுப்படில இருந்தே "டீயா?"ன்னு கேட்டாங்க.

டீயேதான். உலகத்துல பெரும்பாலான பாஷைல டீக்கு ரெண்டே ரெண்டு பேர் குடும்பம்தான், ஒண்ணு 'சா', இன்னொண்ணு 'தே'. ரெண்டும் சீனால இருந்து வந்ததுதான். சீனால பெரும்பாலான பேச்சுவழக்குல அது 'சா', தரை வழியா ஒட்டகம் ஏறி போன இடத்துல எல்லாம் அதுவே சாய், ச்சாயின்னு ஆச்சு. ஃபூஜியன் கடலோரத்துல பேசுற மின் வழக்குல மட்டும் அது 'தே', அங்க வந்து வியாபாரம் பண்ண டச்சுக்காரங்க கப்பல்ல ஏத்திட்டு போன இடத்துல எல்லாம் தீ, டீ, தேன்னு ஆயிடுச்சு. போர்ச்சுக்கீசுக்காரங்களும் கப்பல்லதான் வந்தாங்க, ஆனா அவங்க தங்கினது தெற்கு சீனால இருக்குற மக்காவ் துறைமுகத்துல, அங்க 'சா'ன்னு சொல்றாங்க, அதனால ஐரோப்பா மேற்கு ஓரத்துல போர்ச்சுகல் மட்டும் ஒட்டாம நிக்குது.

சண்டை எங்க வந்துச்சுன்னா, இந்தியா முழுக்க ஆரஞ்சு அடிச்சிருந்தேன், அதாவது 'சா' குரூப். அப்பா விடல. "நாம என்ன சொல்றோம்? தேநீர். தேயிலை. அதுல இருக்குறது தே தானே? அப்ப தமிழ்நாட்டுக்கு பச்சை அடிடா"ன்னாரு. நியாயம்தான். சிங்களத்துலயும் 'தே'தான், அதனால இலங்கை முழுக்க பச்சை, தமிழ்நாடும் பச்சை, ஆனா பக்கத்துல மலையாளத்துல குடிக்கிறது சாயா, இலைக்கு மட்டும் தேயில. கேரளாவுக்கு என்ன கலர் அடிக்கிறதுன்னு அரை மணி நேரம் போச்சு. நாடு நாடா கலர் அடிக்கிற எல்லா மேப்புலயும் இந்த வம்பு இருக்கும், ஒரு நாட்டுக்கு ஒரே கலர்தான்னு வெச்சுட்டா உள்ள இருக்குற வித்தியாசம் மொத்தமும் அந்த பெயிண்ட்டுக்கு அடியில போயிடும். மேப் போடுறவர் இந்தி வார்த்தையை பாத்து மொத்த இந்தியாவுக்கும் ஒரு கலர் அடிச்சுட்டு போயிட்டே இருப்பாரு.

(போலந்துல டீக்கு ஹெர்பாட்டான்னு பேரு, மூலிகைங்குற லத்தீன் வார்த்தையோட 'தே'வை ஒட்டவெச்சது. மியான்மர்ல லபெட்ன்னு ரெண்டு குடும்பத்துலயும் சேராத பேரு. இதுக்கெல்லாம் மூணாவது கலர் குடுத்தீங்கன்னா ஆட்டம் கொஞ்சம் சுலபம் ஆகும்.)

சரி, இப்ப அடர்த்தி வெளிர் மேப்புக்கு வருவோம், புதுசா ஆடுறவங்க மண்டைய பிச்சிக்கிறது இங்கதான். ஏன்னா பாதி மேப் ஒரே மாதிரி இருக்கும். மேற்கு ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா அடர்த்தி, ஆப்பிரிக்கா வெளிர், நாம நடுவுல. இது சராசரி ஆயுளா இருக்கலாம், இன்டர்நெட்டா இருக்கலாம், ஆயிரம் பேருக்கு எத்தனை கார்ங்குறதா இருக்கலாம், வருமானமா இருக்கலாம். நாங்க இதுக்கு 'காசு மேப்'னு பேரு வெச்சிருக்கோம். காசு இருந்தா எது எல்லாம் தானா வருமோ அது எல்லாமே இந்த மாதிரிதான் தெரியும். இதுல போய் மொத்தமா பாத்தீங்கன்னா ஒண்ணும் பிடிபடாது, திரும்பவும் அதே வித்தைதான், காசு இருந்தும் வெளிரா யாரு, காசு இல்லாம அடர்த்தியா யாரு.

கியூபா மட்டும் தனியா பளிச்சுனு அடர்த்தியா இருந்தா டாக்டரை நினைங்க, மக்கள்தொகைக்கு ஏத்த டாக்டர் எண்ணிக்கைல அது ரொம்ப மேல. வளைகுடா நாடுங்க ஐரோப்பாவை விட அடர்த்தியா இருந்தா பெட்ரோல், கரியமில வாயு, இல்லன்னா வெளிநாட்டுல இருந்து வந்து வேலை பாக்குறவங்க, இந்த மூணுல ஒண்ணு. ஜப்பானும் இத்தாலியும் உச்சத்துல இருந்து அமெரிக்கா கொஞ்சம் கம்மியா இருந்தா வயசு சம்பந்தப்பட்டது, அங்க கிழவங்க கிழவிங்க ஜாஸ்தி. தென் கொரியா உலகத்துலயே ஒரு கோடில, நைஜர் இன்னொரு கோடில இருந்தா குழந்தை பிறப்பு. பணக்கார நாடுங்கள்ல அமெரிக்கா மட்டும் ஒத்தையா வேற கலர்ல, பாப்புவா நியூ கினியா கூட சேர்ந்து நிக்குதா? பிரசவ லீவுக்கு நாடு முழுக்க சம்பளத்தோட சட்டம் இல்லாத நாடு. இதை எங்க அண்ணி ஒரே பார்வைல சொன்னாங்க, நாங்க ஆம்பளைங்க எல்லாம் ராணுவச் செலவுன்னு உளறிட்டு இருந்தோம்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம், மொத்தமா, ஆளுக்கு இவ்ளோவா? திரும்ப டீக்கே வர்றேன். மொத்தமா எந்த நாட்டுல டீ ஜாஸ்தி குடிக்கிறாங்கன்னு மேப் போட்டா சீனாவும் இந்தியாவும் கருகருன்னு இருக்கும், மத்தது எல்லாம் வெளுத்துப்போய் இருக்கும். ஆளுக்கு எவ்ளோன்னு போட்டா துருக்கி மேல வந்துடும், அயர்லாந்து மேல வரும், நாம கீழ போயிடுவோம். நாமளா கீழன்னு நம்ப முடியல இல்ல? காப்பிலயும் அதே கதைதான், மொத்தத்துல அமெரிக்காவும் பிரேசிலும், ஆளுக்குன்னு பாத்தா பின்லாந்து, பக்கத்துல ஸ்வீடன், நார்வே. ஆக, சீனாவும் இந்தியாவும் சேர்ந்து கருத்திருந்தா முதல் சந்தேகம் "இது வெறும் மக்கள்தொகையோட நிழலா?"ங்குறதுதான். அது கோதுமையா இருந்தாலும் சைக்கிளா இருந்தாலும் ஆள் நிறைய இருக்குற இடத்துல நிறையதான் இருக்கும்.

எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும் ஒரு ஷேடுங்குறதும் மேப் போட்டவர் கைல இருக்கு. மக்கள்தொகையையே எடுத்துக்கோங்க, இந்தியாவும் சீனாவும் தலா 140 கோடிக்கு மேல, மூணாவது இடத்துல இருக்குற அமெரிக்கா சுமார் 34 கோடிதான். சமமான இடைவெளில அஞ்சு ஷேடா பிரிச்சா ரெண்டு நாடு கருப்பு, மத்த எல்லாமே கிட்டத்தட்ட வெள்ளை. அதையே நாடுகளை வரிசைப்படுத்தி, முதல் நாப்பது நாட்டுக்கு ஒரு ஷேடு, அடுத்த நாப்பதுக்கு ஒரு ஷேடுன்னு பிரிச்சா மேப் முழுக்க கலர் கலரா நிறைஞ்சிடும். டேட்டா ஒண்ணுதான், படம் ரெண்டு. எலெக்‌ஷன் டைம்ல டீவில காட்டுற மேப்பை எல்லாம் இதுக்கு அப்புறம் நான் ஒரு மாதிரியாத்தான் பாக்குறேன்.

டேட்டா இல்லாத நாட்டுக்கு ஒரு தனி சாம்பல் அடிப்பாங்க, அதையும் விடாதீங்க. வட கொரியாவும் மேற்கு சஹாராவும் நிறைய மேப்ல சாம்பல்தான், அதுல விசேஷம் இல்ல. ஆனா கிரீன்லாந்தை கவனிங்க. அது டென்மார்க்குக்கு சொந்தம், ஆனா இப்ப ஐரோப்பிய யூனியன்னு சொல்றோமே, அந்த கூட்டமைப்புல இருந்து 1985லயே வெளிய வந்துடுச்சு. டென்மார்க் கலர்லயும் கிரீன்லாந்து கலர் அடிக்காமயும் இருந்தா ஐரோப்பிய யூனியன் வாசனை அடிக்குதுன்னு அர்த்தம். இதுக்கு நேர் மாறா தென் அமெரிக்கால பிரேசிலுக்கு மேல இருக்குற பிரெஞ்சு கயானா, அது பிரான்ஸோட ஒரு பகுதியே, அங்க யூரோதான் செல்லும். அமேசான் காட்டு ஓரத்துல ஒரு துண்டு மட்டும் ஐரோப்பா கலர்ல மின்னினா யாரும் தப்பா அடிக்கல, உங்களுக்கு ஒரு க்ளூ கிடைச்சிருக்கு.

மேப்போட வயசும் சில சமயம் மாட்டிக்கும். தென் சூடான் தனி நாடா கோடு போட்டிருந்தா அது 2011க்கு அப்புறம். டைம் மேப்ல இது இன்னும் ஜோரா இருக்கும். லண்டன் கிரீன்விச் டைம்ல இருந்து முழு மணி நேரமா இல்லாம அரை மணி கணக்குல தள்ளி ஓடுற நாடுங்கள்னு ஒரு மேப் போடுங்க, இந்தியா, இலங்கை, மியான்மர், ஆப்கானிஸ்தான், ஈரான், ஆஸ்திரேலியாவோட நடுப்பகுதி, கனடாவோட கிழக்கு ஓரத்துல நியூஃபவுண்ட்லாந்து. என்ன ஒரு சம்பந்தமே இல்லாத கூட்டம் பாருங்க, யாருக்கும் லேசுல வராது. நேபாளத்துக்கு மட்டும் தனி கலர் குடுத்திருப்பேன், முழு நாடே முக்கால் மணி கணக்குல, அதாவது 5:45ல ஓடுறது அது ஒண்ணுதான், அதுதான் அந்த மேப்போட சாவி. 2015ல இருந்து 2018 வரைக்கும் வட கொரியாவும் அரை மணி கணக்குல இருந்துச்சு, வெனிசுலா 2007ல இருந்து 2016 வரைக்கும். இலங்கை 1996ல கடிகாரத்தை முன்னாடி தள்ளி 2006ல திரும்ப நம்ம டைமுக்கு வந்துச்சு. இந்த மூணையும் பாத்தே மேப் எந்த வருஷத்துதுன்னு சொல்லிடலாம், எங்க குரூப்புல அதுக்கு ரெண்டு பாயிண்ட் போனஸ்.

கண்ணு ஏமாத்துற ஒரு விஷயம் சொல்லணும். நாம ஸ்கூல் சுவத்துல, போன்ல பாக்குற நிறைய மேப் 1569ல மெர்கேட்டர்னு ஒரு மேப் வரையுறவர் போட்ட கணக்குல வரைஞ்சது, கப்பல் ஓட்டுறவங்களுக்கு திசை சரியா இருக்கணும்னு செஞ்சது, அதுல துருவத்துக்கு பக்கத்துல போகப்போக எல்லாம் ஊதிப்போயிடும். கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே சைஸ்ல தெரியும், நிஜத்துல ஆப்பிரிக்கா பதினாலு மடங்கு பெருசு. அதனால கனடா, ரஷ்யா, கிரீன்லாந்து மூணுக்கும் கலர் அடிச்சா உலகமே அந்த கலர்ங்குற மாதிரி ஒரு பிரமை வரும், வந்தா நம்பாதீங்க, அங்க ஆளே கம்மி. எதிர்ப்பக்கம், குட்டி நாடுங்க காணாமயே போயிடும். ஒரு தடவை எங்க மாமா ஒரு மேப் கொண்டு வந்தாரு, இந்தியா, இலங்கை, அவ்ளோதான் கலர். தேயிலை, சீதை, யானைன்னு எல்லாம் சொல்லி பாத்தோம், எதுவும் இல்ல. கடைசில "டீவி கிட்ட போய் மலேசியா கீழ பாருங்க"ன்னாரு. சிங்கப்பூர் ஒரு கடுகு சைஸ்ல கலர் அடிச்சிருந்துச்சு. தமிழ் ஆட்சிமொழியா இருக்குற நாடுங்க, நம்மூர்ல மாநில அளவுல, மத்த ரெண்டுலயும் நாட்டு அளவுல. பதினோரு தமிழாளுங்க உக்காந்து அதை கோட்டை விட்டோம்.

நீங்க மேப் தயார் பண்றதா இருந்தா மேப்சார்ட்னு ஒரு தளம் இருக்கு, நாட்டை தொட்டா கலர் மாறும், ஓசிதான். நம்பர் மேப்புன்னா 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' (Our World in Data)ங்குற தளத்துல ரெடியாவே கிடைக்கும், தலைப்பை வெட்டிட்டா போதும். சிவப்பு பச்சை ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க, ஆம்பளைங்கள்ல நிறைய பேருக்கு அந்த ரெண்டும் பிரிச்சு தெரியாது, வெளிய சொல்லாம உக்காந்திருப்பாங்க. அதோட சிவப்புன்னாலே கெட்டது, பச்சைன்னா நல்லதுன்னு மனசு தானா முடிவு பண்ணிடும், அது வேண்டாத க்ளூ. ஊதா, ஆரஞ்சு மாதிரி எந்தப் பக்கமும் சாயாத கலர் நல்லது. அப்புறம், ஒட்டாத நாடு ஒண்ணாவது இல்லாத மேப்பை கொண்டு வராதீங்க, காசு மேப்பை அப்படியே கொண்டு வந்து "கண்டுபிடி"ன்னா அது ஆட்டம் இல்ல, லாட்டரி.

கொஞ்சம் பழகினவங்களுக்கு ரெட்டை மேப் நல்லா இருக்கும். வட அமெரிக்கா அடர்த்தியா இருக்குற ரெண்டு மேப்பை பக்கத்து பக்கத்துல போடுங்க, ஒண்ணுல ஜப்பானும் தைவானும் கூட இருக்கு, இன்னொண்ணுல அது இல்லாம பிலிப்பைன்ஸ் இருக்கு. முதலாவது கரண்டு, 220 இல்லாம 100ல இருந்து 127 வோல்ட்டுக்குள்ள ஓடுற நாடு. ரெண்டாவது பேப்பர், நம்ம ஏ4 இல்லாம லெட்டர் சைஸ் பயன்படுத்துற நாடு. இன்னொண்ணு எனக்கு ரொம்ப பிடிச்சது, வருஷத்தை வெச்சு ஷேடு, முன்னாடி வந்தவங்க அடர்த்தி. நியூசிலாந்து உச்சம், இலங்கை பிரான்ஸை விட அடர்த்தி, இந்தியா கூட ஸ்விட்சர்லாந்தை விட அடர்த்தி. பணக்கார நாடு ஸ்விட்சர்லாந்து எதுல இவ்ளோ லேட்டு? பொம்பளைங்களுக்கு ஓட்டு. நியூசிலாந்துல 1893, இலங்கைல 1931, பிரான்ஸ்ல 1944, நமக்கு 1950ல அரசியல் சட்டத்தோடயே வந்துடுச்சு, ஸ்விட்சர்லாந்துல 1971ல.

பொங்கலன்னைக்கு கடைசி மேப் அக்கா பொண்ணு போட்டது. அமெரிக்கா, அர்ஜென்டினா, அல்ஜீரியா, அங்கோலா, அல்பேனியா, அஜர்பைஜான், அயர்லாந்து, ஏழு நாடு மஞ்சள். பெட்ரோல்னு ஆரம்பிச்சோம், அயர்லாந்துல எங்க பெட்ரோல்? உருளைக்கிழங்குன்னோம், அங்கோலா இடிக்குது. நான் சொல்லிக்குடுத்த வித்தை எல்லாம் எனக்கே வேலை செய்யல, எல்லாமே ஒட்டாத நாடா இருந்தா எதை பிடிக்கிறது? அஞ்சு நிமிஷம் முடிஞ்சு அவளே சொன்னா, "தமிழ்ல அ-ல ஆரம்பிக்கிற நாடு மாமா." அயர்லாந்துதான் க்ளூவாம், இங்கிலீஷ்ல அது ஐ-ல ஆரம்பிக்கும், தமிழ்லதான் அ. ஆப்கானிஸ்தான், ஆஸ்திரேலியா எல்லாம் ஆ, அதனால மஞ்சள் இல்ல. கைதட்டினோம். சித்தப்பா மட்டும் "அப்ப ஆர்மீனியா? அதை அர்மீனியான்னும் எழுதுறாங்களே, அதுக்கு ஏன் அடிக்கல?"ன்னு ஆரம்பிச்சாரு, அப்பா உடனே "அமெரிக்கா அதோட முழுப்பேர் இல்ல, அமெரிக்க ஐக்கிய நாடுகள்"னாரு, "அதுவும் அ தானே தாத்தா"ன்னு இவ சொல்ல, ஒரு மாமா அந்தோராவை ஏன் விட்டேன்னு கேட்டு டீவில போய் தேட ஆரம்பிச்சாரு, பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவுல இருக்குற அந்த குட்டி நாடு எங்க டீவில தெரியவே இல்ல. ராத்திரி தோசை சுட கூப்பிட்ட வரைக்கும் தேடிட்டுதான் இருந்தாரு.